‘அன்னைக்கே சொன்னேம்லா’: நம் கடற்கரைப் பந்து ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரிக் கடற்கரையில் நீரோடியில் தொடங்கி இரயுமன்துறை வரை நம் எட்டு ஊர்களிலும், அதற்கு அப்பால் இனயம், குளச்சல், முட்டம் பக்கங்களிலும் உள்ள கால்பந்து ரசிகப் பெருமக்களுக்கு, ஒரு பழைய கிளப் செக்ரட்டரி எழுதிக்கொள்வது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் மஞ்சள் ஜெர்ஸி போட்ட ஒரு பையன், கையில் பாதி கடித்த பழம்பொரி. இருபது வயது இருக்கும். “டி புரூய்னைப் போயி வித்துருக்கானுவ பாரு. செல்சிக்காரனுவளுக்குக் கண்ணு தெரியாதா?” என்று கேட்டான். இங்கிலாந்தின் செல்சி கிளப் பெல்ஜியம் ஆட்டக்காரர் டி புரூய்னை விற்றது 2014 ஜனவரியில். அப்போது இவன் அரைக்கால் சட்டையோடு மணலில் உருண்டுகொண்டிருந்திருப்பான். சரி, சின்னப் பையன், பேசிவிட்டுப் போகட்டும் என்று டீயை ஊதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பக்கத்தில் இருந்த பெரியவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “நம்ம ஊர்லயும் ஒரு டி புரூய்ன வித்தானுவல்லா. நான் அன்னைக்கே சொன்னேன்.”

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் பீரோவுக்கு மேலே கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, கிளப்பின் பழைய மினிட்ஸ் நோட்டைத் தேடி எடுத்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நோட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் செல்சிக்காரர்களின் கண்ணைப் பார்த்துவிடுவோம்.

கெவின் டி புரூய்னை அவர்கள் 2012 ஜனவரியில் பெல்ஜியத்தின் கெங்க் கிளப்பிலிருந்து சுமார் 70 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். அடுத்த சீசன் ஜெர்மனியின் வெர்டர் பிரெமனுக்குக் கடனாக அனுப்பினார்கள். அங்கே லீகில் 10 கோல். திரும்பி வந்தபோது பயிற்சியாளர் மொரின்யோ. அந்த இடத்தில் ஆட ஏற்கெனவே ஹசார்டு, ஆஸ்கார், வில்லியன், மாட்டா என்று நால்வர். அதற்கு முந்தைய இரண்டு சீசனிலும் கிளப்பின் சிறந்த வீரர் விருது வாங்கிய மாட்டாவையே அதே ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள் என்றால் நெரிசலைப் பார்த்துக்கொள்ளுங்கள். டி புரூய்னுக்கு அந்த சீசன் லீகில் கிடைத்தது மூன்றே ஆட்டம். ஆறு மாதத்தில் பிரேசிலில் உலகக்கோப்பை. பெஞ்சில் இருந்தால் பெல்ஜியம் அணியில் இடம் போய்விடும் என்று அவருக்குக் கவலை. வோல்ஃப்ஸ்பர்க் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பவுண்டு தருவதாகச் சொன்னது. கொடுத்தார்கள்.

அடுத்த சீசன், 2014-15, செல்சி லீக் சாம்பியன். கோஸ்டாவும் ஃபாப்ரிகாஸும் வந்திருந்தார்கள். அந்த மே மாதத்தில் நம் டீக்கடையில் டி புரூய்ன் பேச்சே கிடையாது. அதே வருடம் அவர் ஜெர்மனியின் ஆண்டுச் சிறந்த வீரர் ஆகி, ஆகஸ்டில் சுமார் 5 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். அதற்குப் பிறகுதான் ஊரெல்லாம் செல்சிக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கக் கிளம்பியது.

எகிப்து ஆட்டக்காரர் சலா கதையும் அப்படித்தான். டி புரூய்ன் கிளம்பிய அதே மாதம் பாசலிலிருந்து செல்சிக்கு வந்தார். அங்கே அடித்தது மொத்தமே 2 கோல். 2015இல் ஃபியரென்டினாவுக்குக் கடனாகப் போனார், பிறகு ரோமா, 2017இல் லிவர்பூல், முதல் சீசனிலேயே லீகில் 32 கோல். நாம் கதை சொல்லும்போது இடையில் இருக்கும் இத்தாலிய வருடங்களை அப்படியே விழுங்கிவிடுகிறோம். செல்சி பெஞ்சில் இருந்த பையனும் லிவர்பூலுக்கு வந்த ஆளும் ஒருவரே என்பது போலப் பேச்சு. ஆட்டக்காரர் என்ன, ஐஸில் போட்டு வைத்த சூரையா, போட்டபடியே எடுப்பதற்கு?

இன்னொன்றும் உண்டு. ஒரு காலத்தில் செல்சி ஒரே சீசனில் 30 பேருக்கு மேல் வெளியே கடனுக்கு அனுப்பி வைத்திருந்தது. அதில் எத்தனை பேர் பெயர் உங்களுக்குத் தெரியும்? எனக்கு ஏழெட்டுப் பேர் தேறலாம். மற்றவர்கள் எங்கெங்கோ ஆடி, எங்கெங்கோ ஓய்ந்துபோனார்கள். ‘அவனை விட்டது நல்லதாப் போச்சு’ என்று எந்த டீக்கடையிலும் யாரும் சொல்வதில்லை. மேலே வந்த இரண்டு பேரை மட்டும் பிடித்துக்கொண்டு கிளப்பையே குருடாக்கிவிடுகிறோம்.

சரி, இங்கிலாந்து எதற்கு. நம் வீட்டுக்குள்ளேயே ஒரு கணக்கு இருக்கிறது.

இரவிபுத்தன்துறை ஆட்டக்காரர் மைக்கேல் சூசைராஜ் 2018இல் சென்னை சிட்டி கிளப்பை விட்டு ஜாம்ஷெட்பூர் கிளப்புக்குப் போனது நினைவிருக்கும். ஐ-லீகிலிருந்து அதைவிடப் பெரிய இந்தியன் சூப்பர் லீகுக்கு, அதாவது ஐ.எஸ்.எல்.லுக்கு. அந்த சீசன் அதே ஜாம்ஷெட்பூரில் ஆஸ்திரேலியாவின் டிம் காஹிலும் இருந்தார். உலகக்கோப்பையில் கோல் அடித்த மனிதரோடு ஒரே டிரஸ்ஸிங் ரூம். நம் மணலில் ஓடி வளர்ந்த பையனுக்கு அது சின்ன விஷயமா? ஊரே அன்று சந்தோஷப்பட்டது.

2019 மார்ச் வந்தது. சென்னை சிட்டி கோயம்புத்தூரில் மினர்வா அணியை 3-1 என்று அடித்து ஐ-லீக் சாம்பியன் ஆனது. உடனே நம் ஆட்கள்: “இருந்திருந்தா இவனும் கப்பைத் தூக்கியிருப்பான். அவசரப்பட்டுட்டான்.”

2020 மார்ச். அதற்குள் சூசைராஜ் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் இருந்தார். கொரோனாவுக்குப் பயந்து ஆளே இல்லாத ஃபடோர்டா ஸ்டேடியத்தில் அந்த அணி சென்னையின் எஃப்.சி. அணியை 3-1 என்று வென்று ஐ.எஸ்.எல். கோப்பையை எடுத்தது. “பாத்தியா, போனது எவ்வளவு நல்லது! நான் அன்னைக்கே சொன்னேம்லா.”

அதே வருடம் நவம்பர் 20. கோவா பாம்போலிமில் புது சீசனின் முதல் ஆட்டம், எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். கால் மணி நேரம் கூட ஆகவில்லை, முழங்கால் போய்விட்டது. அந்த சீசன் முழுக்க வெளியே. அன்று இரவு நம் பக்கம் எத்தனை வீடுகளில் டிவியை அணைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வாரம் கழித்து அதே வாய்கள்: “கொல்கத்தாக்குப் போயிருக்கவே கூடாது.” கொல்கத்தாவுக்கும் முழங்கால் தசைநாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது.

அப்புறம் 2021-22 ஐ-லீக் அட்டவணை வந்தது. அதில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் சாம்பியன் ஆன கிளப். “அங்கேயே இருந்திருந்தா என்ன ஆயிருப்பான்? நல்லவேளை!”

எண்ணிக்கொள்ளுங்கள். போனது ஒரு தடவை. தீர்ப்பு நான்கு. முட்டாள், கெட்டிக்காரன், முட்டாள், கெட்டிக்காரன். அந்த ஆள் 2018இல் கையெழுத்துப் போட்டபோது கையில் இருந்தது என்ன? கூடுதல் சம்பளம், பெரிய லீக், தன் வயது, தன் கால். இந்த நான்கும் நாலு தீர்ப்பு நாளிலும் மாறவே இல்லை. காலண்டர்தான் மாறியது.

வெளிநாட்டில் இதற்கு ஜோடி தேடினால் பிரெஞ்சு ஆட்டக்காரர் டெம்பெலே. 2017 ஆகஸ்டில் பாரிஸ் கிளப் நெய்மாருக்காக 22 கோடியே 20 லட்சம் யூரோ கொட்டியது. அந்தப் பணத்தோடு பார்சிலோனா ஓடிப்போய் டார்ட்முண்டிடம் இருபது வயது டெம்பெலேயை 10 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு வாங்கியது. மேலே கொசுறு வேறு. செப்டம்பரிலேயே கெட்டாஃபேக்கு எதிரான ஆட்டத்தில் தொடைத் தசை கிழிந்தது. அதன் பிறகு ஆறு வருடம் காயம், திரும்பல், காயம். பார்சிலோனா வாங்கியதிலேயே மோசமானது இதுதான் என்று நம் ஊரில் அடித்துச் சொன்னவர்கள் பலர், நான் உட்பட. 2023இல் பாதி விலைக்குப் பாரிஸுக்குக் கொடுத்தார்கள். ‘தொலைஞ்சான்’ என்றோம். 2025இல் பாரிஸ் இறுதியாட்டத்தில் இன்டரை 5-0 என்று அடித்து சாம்பியன்ஸ் லீக் எடுத்தது. செப்டம்பரில் உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டி’ஓர் விருது டெம்பெலே கையில். இப்போது எதற்குத் திட்டுவது? வாங்கியதற்கா, விற்றதற்கா? நம் ஆட்கள் சளைக்காமல் இரண்டுக்கும் திட்டுகிறார்கள்.

இனி நோட்டுக்கு வருகிறேன்.

நூறு பக்க நோட்டு, அட்டையில் மீன் ஐஸ் தண்ணீர் பட்டு ஒரு மூலை ஊதிப்போயிருக்கிறது. 2012 ஏப்ரல், ஈஸ்டர் முடிந்த வாரம். அன்றைய கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்திருக்கிறார்கள். பொருள்: நம் இடது விங் பையனை (பெயர் வேண்டாம், எல்லாருக்கும் தெரியும்) மலப்புறத்தில் ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் பந்தாட்டம்) டீம் சீசன் முழுவதற்கும் கேட்கிறது. நாம் விடுவதா, இல்லையா? விட்டால் நம் கிளப்புக்கு ஒரு ஜோடி கோல் வலையும், ஆறு பந்தும், பத்தாயிரம் ரூபாயும் தருவார்கள். விடாவிட்டால் அடுத்த மாதம் நம் மைதானத்தில் நடக்கும் டோர்னமென்டில் அவன் நமக்கு ஆடுவான்.

என் கையெழுத்தில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: ‘கடந்த 6 ஆட்டத்தில் 4இல் ஆடவில்லை. வலது முட்டு நீர் வைத்திருக்கிறது. நாகர்கோவிலில் காட்டியதில் ஓய்வு சொன்னார்கள். தகப்பனார் கொச்சியில் போட்டில். அக்கா கல்யாணக் கடன் உள்ளது. பையனுக்குப் போக விருப்பம். நமக்கு வலை இல்லை.’

அந்த முட்டு எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆட்டம் முடிந்ததும் போட்டிலிருந்து ஐஸ் எடுத்து ஒரு பழைய கைலியில் பொதிந்து காலில் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பான். மீன் வாடை அடிக்கும். பூனை ஒன்று சுற்றிச் சுற்றி வரும். “அண்ணே, இன்னும் ரெண்டு வருசம் ஓடுமா இது?” என்று என்னிடம் கேட்டான். எனக்கு என்ன தெரியும்? ஓடும்லே என்றேன்.

விட்டோம். அடுத்த மாதம் டோர்னமென்டில் அரையிறுதியில் தோற்றோம். இரண்டு வருடம் கழித்து அவனை ஒரு அரசுத் துறையின் அணியில் எடுத்துக்கொண்டார்கள், வேலையும் கிடைத்தது. அதற்கு அடுத்த வருடம் பக்கத்து ஊர் அணிக்கு விருந்தாளியாக வந்து, நம் மைதானத்தில், நாம் அவனை விற்று வாங்கிய அந்த வலைக்குள்ளேயே இரண்டு கோல் அடித்தான். இரண்டாவது கோல் அடித்தபோது வலையின் ஒரு மூலை அறுந்து பந்து வெளியே போனது. அதுவும் என் தலையில்தான் விழுந்தது: “வலையாவது நல்ல வலையா வாங்கினியா?”

அன்றிலிருந்து நான் ‘பையனை வித்தவன்’. கல்யாண வீட்டில், அடியந்திர வீட்டில், ஏலக் களத்தில், எங்கே போனாலும். ஒருமுறை கல்லறைத் திருநாளில் கூட ஒருவர் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டே சொன்னார். நான் சண்டை போடவில்லை. கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே நான் மட்டும் தனியாக முடிவு எடுத்தேனோ? மற்றவர்கள் எதிர்த்தார்களோ?

நோட்டில் பதினொரு கையெழுத்து இருக்கிறது. எதிர்ப்பு என்று ஒரு வரி இல்லை. போன ஞாயிறு டீக்கடையில் ‘அன்னைக்கே சொன்னேன்’ என்றவரின் கையெழுத்து ஏழாவது. பச்சை மையில், வலது பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்தின் வால் கோடு தாண்டி அடுத்த பக்கம் வரைக்கும் போகிறது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் நினைவிருக்கிறது.

இதை நான் தாராள மனத்தோடு சொல்லவில்லை. என் மகள் சைக்காலஜி படித்தவள். அவளிடம் நோட்டைக் காட்டிக் கொதித்தபோது அவள் ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொன்னாள். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் மாஸ்கோவுக்கும் போனார். போவதற்கு முன் இஸ்ரேலில் மாணவர்களிடம், அங்கே என்னென்ன நடக்கலாம், எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்த பிறகு, நீங்கள் முன்பு எவ்வளவு போட்டீர்கள் என்று நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். நடந்தவற்றுக்குத் தாங்கள் உண்மையில் போட்டதைவிடக் கூடுதலாகப் போட்டதாகவே பலரும் எழுதினார்கள். பாரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த் என்ற இருவர் 1975இல் இதை வெளியிட்டார்கள். நடந்து முடிந்தது மூளைக்குள் போய் பழைய நினைப்பின் மேல் வெள்ளை அடித்துவிடுகிறதாம். மாணவர்களிடம் தாள் இருந்ததால் மாட்டிக்கொண்டார்கள். நம் டீக்கடையில் தாள் இல்லை.

“நீ மட்டும் யோக்கியமாப்பா?” என்று மகள் கேட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். 2017 ஜூனில், சலாவை லிவர்பூல் வாங்கிய நாளில், நான் என்ன சொன்னேன் என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அப்போதே எனக்குத் தெரியும், ரோமாவில் நன்றாக ஆடினார், நான் நம்பினேன் என்று. அவள் தன் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் பழைய செய்திகளை அழிக்காத பேர்வழி. தேடி எடுத்து நீட்டினான். நான் அவனுக்கு அனுப்பியது: ‘செல்சி தள்ளிவிட்டதை இவ்வளவு பணம் கொடுத்து வாங்குறானுவ. கிளாப் சாருக்கு என்ன ஆச்சு?’ கிளாப் அன்றைய லிவர்பூல் பயிற்சியாளர். கூடவே கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை இரண்டு.

சரி.

ஆகவே மக்களே, நான் கேட்பது உங்கள் வாயை மூடச் சொல்லி இல்லை. பந்து பார்க்கிறவன் பேசாமல் இருந்தால் பந்து எதற்கு? தப்பு என்றால் தப்பு என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் எது தப்பு என்பதை அன்றைக்குக் கையில் இருந்ததை வைத்துச் சொல்லுங்கள். 2018 ஜனவரியில் பார்சிலோனா லிவர்பூலிடம் கொட்டின்யோவை 14 கோடி பவுண்டுக்கு மேல் விலை பேசியதைத் திட்டுவது நியாயம். ஏனென்றால் அந்த சீசன் அவர் லிவர்பூலுக்காக சாம்பியன்ஸ் லீக் ஆடிவிட்டார், பார்சிலோனாவுக்காக அதில் ஆட முடியாது என்பது அன்றே தெரிந்த விதி. நெய்மார் பணம் மடியில் இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்ததால் யாரிடம் போனாலும் விலை ஏறியிருந்தது, அதுவும் அன்றே தெரியும். இப்படிச் சொன்னால் அது விமர்சனம். 2020 ஆகஸ்டில், பயர்னுக்குக் கடனாகப் போயிருந்த அதே கொட்டின்யோ, பயர்ன் பார்சிலோனாவை 8-2 என்று அடித்த ஆட்டத்தில் கடைசி இரண்டு கோலைப் போட்டதை வைத்துத் திட்டினால் அது வேடிக்கை. ரசிக்கலாம், நானும் ரசித்தேன்.

எதிர்ப்பக்கம் ஹசார்டு. 2018-19இல் செல்சிக்காக லீகில் 16 கோல், 15 அசிஸ்ட். அவரை ரியல் மாட்ரிட் வாங்கியதை நம் ஊரில் எதிர்த்த ஒரு ஆளை எனக்குக் காட்டுங்கள், டீ நான் வாங்கித் தருகிறேன். பிளெக்ஸ் வைத்தோம். 2019 நவம்பரில் பாரிஸுக்கு எதிரான ஆட்டத்தில் தன் சொந்த நாட்டுக்காரர் மூனியே காலில் இடித்ததில் கணுக்கால் கெட்டது. பிறகு அவர் அவராகவே இல்லை. 32 வயதில் ஓய்வு. இதில் மாட்ரிட் மேனேஜர் மேசையில் எந்தத் தாளில் மூனியேயின் கால் எழுதியிருந்தது?

நமக்கு இதைச் சொல்லித்தர வேறு யாரும் வர வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒகி புயல் வந்துபோன பிறகு, கரையில் நாம் ஆட்களைத் தேடி அழுதுகொண்டிருந்தபோது, எங்கிருந்தோ சிலர் கேட்டார்களே: “புயல் வருதுன்னா ஏன் கடலுக்குப் போனாங்க?” ஆழ்கடல் போட்டுகள் எச்சரிக்கை வருவதற்குப் பல நாள் முன்பே கிளம்பிவிட்டன என்று அன்று எத்தனை தடவை சொன்னோம். அந்தக் கேள்வி நம்மை எப்படிச் சுட்டது என்பது நமக்குத் தெரியும். பந்தாட்டத்தை அதோடு ஒப்பிடக் கூடாது, ஒப்பிடவும் இல்லை. கேள்வியின் குரலைத்தான் சொல்கிறேன். அந்தக் குரல் நம் வாயிலிருந்து வரும்போது எனக்குக் கூசுகிறது.

அதிலும், உங்கள் பேச்சு மாட்ரிட் வரைக்கும் போகாது. செல்சி முதலாளி தூக்கம் கெடப்போவதில்லை. ஆனால் இந்தப் பக்கத்துக் கிளப்புகளில் இப்போது செக்ரட்டரியாக இருக்கும் பையன்களுக்கு அது கேட்கிறது. பக்கத்து ஊரில் ஒருவன் என்னிடம் சொன்னான்: “அண்ணே, நல்ல சான்ஸ் வந்தாலும் பிள்ளைகள விடப் பயமா இருக்கு. நாளைக்கு பெரிய ஆளாயிட்டா என்னை விட மாட்டானுவ.” இதுதான் எனக்கு உறைத்தது. கேரளாவிலிருந்தோ, கோவாவிலிருந்தோ, ஒரு டிபார்ட்மென்ட் அணியிலிருந்தோ கேட்டு வரும்போது, ஊர்ப் பேச்சுக்குப் பயந்து ஒரு பதினெட்டு வயதுப் பையனை மணலிலேயே நிறுத்தி வைத்தால் அதற்கு யார் கணக்குச் சொல்வது? விடாமல் வைத்துக் கெட்டவர்களின் கதையை எந்தப் பெஞ்சிலும் கேட்டதில்லை, கவனித்தீர்களா? சான்ஸ் வந்ததே வெளியே தெரியாது.

நம் பையன் போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்திருந்தான். பையன் என்ன பையன், முப்பது தாண்டிவிட்டது, முன்மண்டையில் முடி குறைந்துவிட்டது. குடிலுக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தோம். உன்னை வித்ததாக என்னை இன்னும் திட்டுகிறார்கள் என்றேன். அவன் சிரித்தான். “நீங்க எங்கண்ணே வித்தீங்க? அந்த மீட்டிங் நடந்த அன்னைக்கே நான் பேக்கைக் கட்டி வச்சிட்டேன். நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் ராத்திரி பஸ்ஸுல போயிருப்பேன்.” பதினொரு பேர் இரண்டு மணி நேரம் விவாதித்துக் கையெழுத்துப் போட்டது எதற்கு என்று இப்போது யோசிக்கிறேன். வலைக்காகத்தான் போல.

வேண்டுகோள் ஒன்றே ஒன்று. டீக்கடைக்காரரிடம் பேசிவிட்டேன். கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு இருநூறு பக்க நோட்டு நாளை முதல் தொங்கும். கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் அடுத்த டிரான்ஸ்ஃபர் ஜன்னல் திறக்கும்போது, யார் யாரை வாங்குவது சரி, யாரை விற்பது தப்பு, நம் ஊர் அணிக்கு எந்த விருந்தாளி ஆட்டக்காரரைக் கூப்பிடலாம், எல்லாவற்றையும் அன்றைக்கே, தேதி போட்டு, பெயர் போட்டு எழுதுங்கள். ஏன் என்று ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள். எழுதியவருக்கு மட்டும் பிறகு ‘அன்னைக்கே சொன்னேன்’ என்று சொல்லும் உரிமை உண்டு. பக்கத்தைத் திருப்பிக் காட்டிவிட்டு எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சொல்லுங்கள், மேசையில் தட்டுங்கள், நான் கை தட்டுகிறேன். எழுதாதவர் பழம்பொரியைச் சாப்பிட்டுவிட்டு அமைதியாக இருக்க வேண்டும்.

முதல் பக்கத்தை நானே நிரப்பிவிட்டேன். சலாவைப் பற்றி 2017இல் மகனுக்கு அனுப்பிய செய்தி, தேதியோடு, சிரிக்கும் பொம்மைகளையும் என்னால் முடிந்த அளவு வரைந்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் 2012 ஏப்ரல் கூட்டத்தின் நகல் ஒட்டியிருக்கிறேன், பதினொரு கையெழுத்தும் தெரியும்படி. கலர் ஜெராக்ஸ்.

பேனாவை யாரும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகாமல் இருக்க நைலான் நூலில் கட்டியிருக்கிறேன். வலை பின்னும் முடிச்சு, எளிதில் அவிழாது. மை பச்சை.

அன்புடன்,
பையனை வித்தவன்